இரண்டு இணைப்புகள் இருக்கும்போது கணினி எந்த வழியாகப் போகிறது?

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னை அழைத்தார். கூடத்தில் இருந்த அவருடைய மேசைக் கணினி லேன் கேபிள் வழியாக ரூட்டரோடு இணைந்திருந்தது. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று குறித்திருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஃபைபரில் ஒளி வரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆசிரியர் சோர்ந்துவிடாமல் தம் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கணினியின் வைஃபையை அதோடு இணைத்தும் விட்டார். திரையில் இரண்டு இணைப்புகளும் 'கனெக்டட்' என்றே காட்டின. ஆனாலும் வரித் துறையின் தளம் திறக்கவில்லை. நான் கணினியின் பின்புறம் இருந்த லேன் கேபிளைக் கழற்றினேன். சில நொடிகளில் பக்கம் திறந்துகொண்டது. "ரெண்டும் கனெக்ட் ஆகித்தானே தம்பி இருந்தது? ஒண்ணை எடுத்தாத்தான் இன்னொண்ணு வேலை செய்யும்னா, ரெண்டு எதுக்கு?" என்று அவர் கேட்டார். மிக நியாயமான கேள்வி. அதற்கு அன்றைக்கு அவசரத்தில் சொன்ன பதிலைவிடச் சற்று விரிவான பதிலை இங்கே எழுத விரும்புகிறேன்.

ஓர் இணைப்போடு கணினி சேர்ந்திருப்பது வேறு, அந்த இணைப்பின் வழியாகத் தன் தரவை அது அனுப்புவது வேறு. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று இணைப்புகளோடு ஒரு கணினி சேர்ந்திருக்கலாம். ஆனால் வெளியுலகத்துக்குப் போக வேண்டிய தரவுக்கு அவற்றுள் ஒன்றை மட்டுமே அது முதல் வழியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. எந்த வழியில் இப்போது இணையம் கிடைக்கிறது என்று ஆராய்ந்து அது தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலும் ஓர் எண்ணைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறது. வீட்டில் இணைப்பு மாற்றுவதில் வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

கணினியில் லேன் கேபிள் செருகும் துளைக்குப் பின்னால் ஒரு கருவி இருக்கிறது; வைஃபைக்கென்று வேறொரு கருவி இருக்கிறது; கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்தால், அதாவது அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்தால், அந்தக் கைப்பேசியையே கணினி மூன்றாவது ஒரு நெட்வொர்க் கருவியாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் கருவிகளை அடாப்டர் என்கிறோம். ஒவ்வோர் அடாப்டரும் ஒரு நெட்வொர்க்கோடு சேரும்போது அந்த நெட்வொர்க்கிலிருந்து மூன்று செய்திகளைத் தனித்தனியாகப் பெற்றுக்கொள்கிறது: அந்த நெட்வொர்க்கில் தன்னை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி, வெளியே போக வேண்டுமானால் யாரிடம் தரவைக் கொடுக்க வேண்டும் என்ற கேட்வே முகவரி, தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரி. வீட்டு ரூட்டர் 192.168.1.34 போன்ற ஒரு முகவரியைக் கணினிக்குக் கொடுத்து, '192.168.1.1 என்ற என்னிடம் கொடு' என்று சொல்லும். ஐபோனின் ஹாட்ஸ்பாட்டாக இருந்தால் 172.20.10.3 போன்ற முகவரியைக் கொடுத்து, 172.20.10.1 என்று தன்னைக் கேட்வேயாகச் சொல்லிக்கொள்ளும். ஆக, இரண்டு இணைப்புகளோடும் சேர்ந்திருக்கும் கணினிக்கு முகவரிகளும் இரண்டு, கேட்வேக்களும் இரண்டு. முன்வாசலும் கொல்லைக் கதவும் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் திறந்தேதான் இருக்கின்றன, தெருவுக்குப் போகிறவர் எதன் வழியாகப் போவது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே ஒவ்வொரு கணினியும் ஒரு வழித்தட அட்டவணையை வைத்திருக்கிறது. விண்டோஸில் அதை நாமே பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'ரூட் பிரிண்ட்' (route print) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விட்டுத் தட்டினால் போதும். அது எதையும் மாற்றாது, காட்டுவதோடு சரி. வரிசையாக எண்கள் வந்து நிற்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஐபிவி4 என்ற, நாம் மேலே பார்த்த முகவரி முறைக்கான பகுதியில் 0.0.0.0 என்று தொடங்கும் வரிகளை மட்டும் கவனியுங்கள். 'வேறு எந்த வரியிலும் குறிப்பிடப்படாத எல்லா முகவரிகளுக்கும் இதுவே வழி' என்பது அந்த 0.0.0.0 என்பதன் பொருள். இணையம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஆசிரியர் வீட்டுக் கணினியைப் போல இரண்டு இணைப்புகள் இருந்தால் அப்படி இரண்டு வரிகள் இருக்கும். ஒன்றில் கேட்வே 192.168.1.1 என்றும் கடைசி நிரலில் 25 என்றும் இருக்கும். மற்றொன்றில் கேட்வே 172.20.10.1 என்றும் கடைசி நிரலில் 50 என்பது போல ஓர் எண்ணும் இருக்கும். அந்தக் கடைசி நிரலுக்குப் பெயர் மெட்ரிக். எந்த வரியில் மெட்ரிக் குறைவோ அந்த வரியே வெல்லும். ஆகவே 25 இருக்கும் வரை 50-க்கு வேலை வராது.

இந்த எண்ணை யார் எழுதினார்கள் என்று கேட்டால், விண்டோஸே எழுதிக்கொண்டது என்பதுதான் பதில். இணைப்பின் வேகத்தைப் பார்த்து அது தானாகவே மெட்ரிக்கை நிர்ணயிக்கிறது. விண்டோஸ் 10 முதல், 1 கிகாபிட் வேகத்தில் இணைந்த லேன் கேபிளுக்கு 25 என்றும், 100 மெகாபிட் வேகத்தில் இணைந்த கேபிளுக்கு 35 என்றும் கொடுக்கிறது. வீட்டு வைஃபைக்குப் பெரும்பாலும் இவற்றைவிடக் கூடுதலான எண் விழும். இங்கே வேகம் என்று சொல்வது நாம் மாதக் கட்டணம் கட்டும் இணையத் திட்டத்தின் வேகம் அன்று. கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள அந்தச் சில அடி கேபிளின் வேகம்தான் அது. ரூட்டருக்கு அப்பால் தெருவில் ஃபைபர் அறுந்து கிடந்தாலும், கேபிளின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே 1 கிகாபிட் அப்படியே இருக்கிறது. ரூட்டரும் மின்சாரத்தோடு உயிரோடு இருக்கிறது. கொடுத்த முகவரியும் செல்லுபடியாகிறது. கணினியின் கணக்கில் அந்த வழியில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இணையமே இல்லாத வழியை அது பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

'இன்டர்நெட் இல்லை என்று விண்டோஸ் காட்டுகிறதே, தெரிந்துதானே காட்டுகிறது?' என்று கேட்கலாம். தெரிந்துதான் காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் நடத்தும் ஒரு சோதனைத் தளத்திலிருந்து ஒரு சிறு உரைக் கோப்பை அது கேட்டுப் பார்க்கிறது. 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற வாசகம் திரும்பி வந்தால் இணையம் இருக்கிறது என்றும், வராவிட்டால் இல்லை என்றும் முடிவு கட்டுகிறது. ஆனால் அந்த முடிவை நமக்குத் தெரிவிப்பதற்குத்தான் பயன்படுத்துகிறதே தவிர, மெட்ரிக் எண்களை அதைக் கொண்டு திருத்துவதில்லை. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள் இந்த இடத்தில் ஒரு படி மேலே போகிறது: அது இயல்பாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று மெட்ரிக் கொடுக்கிறது, இணையச் சோதனை இயக்கப்பட்டிருந்து, ஒரு வழியில் அது தோற்றால், அந்த வழியின் எண்ணோடு 20,000-ஐக் கூட்டிவிடுகிறது. உடனே கேபிள் பின்னுக்குப் போய் வைஃபை முன்னுக்கு வந்துவிடும். எனக்கு இது நேர்த்தியான தீர்வாகப் படுகிறது. மேக் கணினிகளில் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நெட்வொர்க் அமைப்புகளில் இணைப்புகளின் வரிசையை மேலும் கீழுமாக இழுத்து நாமே ஒழுங்குபடுத்தலாம், மேலே இருப்பதற்கே முதலிடம்.

இனி, மாற்றும் முறைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் எளியது நான் அன்று செய்ததுதான்: வேலை செய்யாத இணைப்பைத் துண்டித்துவிடுவது. கேபிளைக் கழற்றலாம், கணினியின் பின்புறம் எட்டாவிட்டால், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் 'என்சிபிஏ', ஒரு புள்ளி, 'சிபிஎல்' (ncpa.cpl) என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, வரும் அடாப்டர் பட்டியலில் லேன் கேபிளுக்கான ஈத்தர்நெட் மீது வலது சொடுக்கி 'டிஸேபிள்' கொடுக்கலாம். அந்த வரி அட்டவணையிலிருந்தே நீங்கிவிடுவதால், மீதமுள்ள ஒரே வழி தானாக முதல் வழியாகிவிடும். அவசரத்துக்கு இதைவிட நம்பகமான முறை இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வீட்டில் ரூட்டரோடு இணைந்த பிரிண்டர் இருந்தால், கேபிளைக் கழற்றிய நொடியிலிருந்து கணினிக்கு அது தெரியாது, ஏனென்றால் பிரிண்டர் ரூட்டரின் நெட்வொர்க்கிலும் கணினி கைப்பேசியின் நெட்வொர்க்கிலும் இருக்கின்றன. ஆசிரியரும் கணக்கைத் தாக்கல் செய்து முடித்ததும் ஒப்புகைச் சீட்டை அச்சிடப் போய் இதே இடத்தில்தான் நின்றார். இரண்டு இணைப்புகளையும் வைத்துக்கொண்டு முதலிடத்தை மட்டும் மாற்றுவதே இதற்கு வழி. வழித்தட அட்டவணையில் 192.168.1 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளுக்கென்று தனி வரி இருக்கிறது. ஒரு முகவரிக்குப் பொதுவான வரியும் குறிப்பான வரியும் இருந்தால் குறிப்பானதே செல்லும் என்பது விதி. ஆகவே பிரிண்டருக்குப் போகும் தரவு கேபிள் வழியாகவும், மற்ற எல்லாம் கைப்பேசி வழியாகவும் போகும். இரண்டு வாசல்களுக்கும் அப்போதுதான் உண்மையான பயன்.

அப்படி முதலிடத்தை மாற்ற, அதே அடாப்டர் பட்டியலில் வைஃபை மீது வலது சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, ஐபிவி4 என்ற வரியைத் தேர்ந்து மீண்டும் 'பிராப்பர்ட்டீஸ்', பிறகு 'அட்வான்ஸ்டு' என்று உள்ளே போக வேண்டும். அங்கே 'ஆட்டோமேட்டிக் மெட்ரிக்' என்பதன் முன் இருக்கும் குறியை எடுத்துவிட்டு 10 என்று கொடுத்தால், கேபிளின் 25-ஐவிட அது குறைவாகிவிடும். இதோடு நிறுத்திவிட்டுப் 'பாதித் தளங்கள் திறக்கின்றன, பாதி திறக்கவில்லை' என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம், ஐபிவி6 என்ற புதிய முகவரி முறைக்கென்று தனி அட்டவணையும் தனி மெட்ரிக்கும் இருக்கின்றன. இந்தியாவில் கைப்பேசி நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாகிவிட்டது. பெரிய தளங்கள் பலவும் அதில் கிடைக்கின்றன. இரண்டும் இருந்தால் விண்டோஸ் ஐபிவி6-ஐயே முதலில் நாடும். ஆகையால் ஐபிவி4-க்குச் செய்ததை ஐபிவி6 என்ற வரிக்கும் அப்படியே செய்ய வேண்டும். உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சரிபார்க்க, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் ஈத்தர்நெட்டுக்கும் வைஃபைக்கும் தனித்தனியாக ஓடும் கோடுகளைப் பாருங்கள். ஒரு காணொளியை ஓடவிட்டால் எந்தக் கோடு எழும்புகிறதோ அதுதான் இப்போதைய வழி.

வழியை மாற்றும் அந்த நொடியில், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைகள் என்னவாகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இணையத்தின் பெரும்பகுதி இன்னமும் நம்பியிருக்கும் டிசிபி என்ற நெறிமுறை 1981-இல் வகுக்கப்பட்டது. கணினியின் முகவரி, அதற்குள் எந்த மென்பொருளுக்கான தரவு என்று பிரித்துக் காட்டும் போர்ட் எண், எதிர்முனையின் முகவரி, அதன் போர்ட் எண் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அதற்கு ஒரு தொடர்பு. நான்கில் ஒன்று மாறினாலும் அது வேறு தொடர்பு. கேபிளிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்போது கணினியின் முகவரியே மாறிவிடுகிறது. ஆகவே பழைய தொடர்புகள் எல்லாம் அறுந்து, புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். வீடியோ அழைப்பு சில நொடி உறைந்து தானாகத் திரும்பிவிடும்; பதிவிறக்கம் சில சமயம் விட்ட இடத்திலிருந்து தொடரும், சில சமயம் முதலிலிருந்து தொடங்கும். 2021-இல் தரநிலையான க்விக் என்ற புதிய நெறிமுறை, ஒவ்வொரு தொடர்புக்கும் முகவரியைச் சாராத ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, முகவரி மாறினாலும் தொடர இடமளிக்கிறது. எனினும் உலாவி, தளம் இரண்டும் அதற்கு ஒத்துழைத்தால்தான் அது கைகூடும்.

இதில் நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புவது பணம் செலுத்தும் பக்கங்களைப் பற்றி. ஓடிபி எண்ணைக் கொடுத்துவிட்டு, பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது இணைப்பை மாற்றாதீர்கள். திடீரென்று வேறு முகவரியிலிருந்து கோரிக்கை வந்தால், பாதுகாப்புக்காக உள்நுழைவையே முடித்துவிடும் வங்கித் தளங்கள் உண்டு. பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் நாம் திகைத்து நிற்க வேண்டியிருக்கும். இணைப்பு தடுமாறுகிறது என்று தோன்றினால், மாற்றுவதை முதலில் செய்து, ஒரு சாதாரணப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பணப் பக்கத்துக்குள் நுழையுங்கள். ஏற்கெனவே நடுவில் அறுந்துவிட்டதென்றால், மீண்டும் செலுத்துவதற்கு முன் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியையோ கணக்கு அறிக்கையையோ பாருங்கள்.

வைஃபையே இல்லாத மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு யூஎஸ்பி டெதரிங்தான் கைகொடுக்கும். வைஃபை இருப்பவர்களுக்கும் நான் அதையே முதலில் சொல்வேன். ஹாட்ஸ்பாட் போட்டால் கைப்பேசி சூடாகிப் பேட்டரி வேகமாக இறங்கும், யூஎஸ்பியில் இணைத்தால் கூடவே சார்ஜும் ஏறும். ஆனால் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது; அவற்றில் சார்ஜ் ஏறும், டெதரிங் என்ற விருப்பமே திறக்காது. ஐபோனை விண்டோஸோடு இணைக்க ஆப்பிளின் மென்பொருள் கணினியில் இருக்க வேண்டும், அதை இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலேயே நிறுவி வைப்பது உத்தமம். மூன்றாவது செய்தி பலருக்குத் தெரியாதது: ஆண்ட்ராய்டு கைப்பேசி வீட்டு வைஃபையோடு சேர்ந்திருக்கும்போது யூஎஸ்பி டெதரிங் போட்டால், அது அந்த வைஃபையையே கணினிக்குப் பகிரக்கூடும். செத்துப்போன இணைப்பைச் சுற்றி வளைத்து மறுபடியும் கணினிக்குக் கொண்டுவந்தது போல் ஆகிவிடும். ஆகவே டெதரிங்குக்கு முன் கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டா ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கைப்பேசித் திட்டங்கள் பலவற்றில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று அளவு உண்டு. அது தீர்ந்ததும் வேகம் படுத்துவிடும். ஃபைபரில் அளவைப் பற்றி எண்ணாமல் பழகிய கணினிக்கு இது தெரியாது. விண்டோஸ் அப்டேட்டும் படங்களைச் சேமிக்கும் கிளவுட் மென்பொருளும் பின்னணியில் அதைக் குடித்துவிடும். ஹாட்ஸ்பாட்டோடு இணைந்திருக்கும்போது அந்த இணைப்பின் பண்புகளில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை இயக்கிவிட்டால், விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களை ஒத்திவைக்கும். இந்த அமைப்பு அந்தந்த நெட்வொர்க்குக்கென்று நினைவில் இருக்கும், ஒருமுறை செய்தால் போதும்.

இவ்வளவும் செய்வதற்கு முன் ஒருகணம் ஃபைபர் பெட்டியைப் பார்ப்பது நல்லது. சிவப்பு விளக்கு என்றால் ஒளி வரவில்லை. வார்தா புயல் சென்னையைக் கடந்த 2016 டிசம்பர் 12-ஐப் போல மரங்கள் சாய்ந்து கேபிள்கள் அறுந்த நாள்களில், பழுது சரியாக நேரமாகும். அப்போது மாற்றிக்கொள்வதே சரி. விளக்குகள் எதுவுமே எரியவில்லை என்றால் போனது இணைப்பன்று, மின்சாரம்தான். ஃபைபர் பெட்டிகளும் ரூட்டர்களும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கென்றே விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றை இடையில் வைத்தால், மின்வெட்டு நேரங்களில் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இணைப்பை மாற்ற வேண்டிய தேவையே அனேகமாக இருக்காது.

இரண்டு இணைப்புகளையும் சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகுமா என்றும் கேட்கிறார்கள். ஆகாது, மேலே சொன்ன விதிப்படி ஒரு வழிதான் ஓடும், மற்றது காத்திருக்கும். வீட்டில் நான்கைந்து கருவிகள் இருந்து, வேலையும் இணையத்தையே நம்பியிருந்தால், இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளையும் ஏற்கும் டூயல் வேன் ரூட்டர் ஒன்றை வாங்கலாம். வெளியே உள்ள ஒரு முகவரியை அது சிறிது நேரத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் வீடு முழுவதையும் அடுத்த இணைப்புக்கு மாற்றிவிடும். கணினியின் கண்ணுக்கு எட்டாத இடத்தை ரூட்டர் பார்த்துக்கொள்கிறது.

ஃபைபர் திரும்பி வந்ததும் செய்தவற்றைத் திரும்ப மாற்றுவதையும் மறக்கக் கூடாது. டிஸேபிள் செய்த அடாப்டரை மீண்டும் 'இனேபிள்' செய்யுங்கள்; மெட்ரிக்கில் 10 என்று கொடுத்திருந்தால் ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் 'ஆட்டோமேட்டிக்' குறியைத் திரும்பப் போடுங்கள்; கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள். மெட்ரிக்கை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் தொடர்புகள் பழைய வழியையே பற்றிக்கொண்டிருக்கும் என்பதால், உலாவியை ஒருமுறை மூடித் திறப்பது நல்லது. ஆசிரியர் வீட்டில் மறுநாள் காலை சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்ததும், லேன் கேபிளை அவரே பின்னால் குனிந்து செருகினார். அதன் சிறு நாக்கு 'டக்' என்று பிடிக்கும் ஒலி கேட்கும் வரை அழுத்தினார். பிறகு ரூட் பிரிண்ட்டைத் தட்டி, 0.0.0.0 வரியில் 25 வந்து நிற்பதை விரலை வைத்து எனக்குக் காட்டினார்.